கேளம்பாக்கத்தில் பஸ் ஏறினால் அரை நாளில் மாமல்லபுரம்: டிக்கெட்டை கசக்கிப் போட்டுடாதீங்க!

கேளம்பாக்கம்:

எங்கிருந்தோ வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் மாமல்லபுரம், கேளம்பாக்கம்காரர்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். தாம்பரத்தில் இருந்து வண்டலூர் வழியாக வரும் 515-ம் நம்பர் பஸ்சில் ஏறினால் திருப்போரூர் தாண்டி இறக்கி விட்டுவிடும். ஆனால் பக்கத்தில்தானே என்று மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு கிளம்பினால் கேட்டைத்தான் பார்க்க முடியும். மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள்.

பெரியவர்களுக்கு கட்டணம் ரூ.40. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ஐந்து ரதத்தில் வாங்கும் டிக்கெட்டே அன்றைக்கு கடற்கரைக் கோவிலுக்கும் செல்லும். இது தெரியாமல் டிக்கெட்டை கசக்கி எறிந்துவிட்டு மறுபடியும் பணம் கட்ட வேண்டாம். பாரம்பரிய தினமான ஏப்ரல் 18, பாரம்பரிய வாரம் தொடங்கும் நவம்பர் 19 ஆகிய நாட்களில் இலவசமாக விடுவது வழக்கம். கூட்டமும் அப்படித்தான் இருக்கும்.

முதலில் ஐந்து ரதத்துக்குப் போவது நல்லது. 7-ம் நூற்றாண்டில் பல்லவர்கள் நின்ற பாறையையே குடைந்து செய்தவை இவை. ஒரு கல்லைக்கூட மேலே ஏற்றி வைக்கவில்லை. உச்சியில் ஆரம்பித்து கீழ்நோக்கி செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அதனால்தான் மேலே நகை மாதிரி வேலைப்பாடு; கீழே சில இடங்களில் பாறை கரடுமுரடாக அப்படியே நிற்கிறது. வேலை பாதியில் நின்றுபோனதை கண்ணாலேயே பார்க்கலாம். பஞ்ச பாண்டவர் பெயரெல்லாம் பிற்காலத்தில் ஜனங்கள் வைத்ததுதான்.

அடுத்து அர்ச்சுனன் தபசு. ரோட்டோரத்திலேயே இருப்பதால் டிக்கெட் தேவையில்லை. யானைக்குப் பக்கத்தில் பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதைக் கும்பிடும் எலிகளையும் பிள்ளைகளிடம் தேடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கே சட்டென்று சிக்காது!

5 மணிக்குள் கடற்கரைக் கோவிலுக்குள் நுழைந்துவிட வேண்டும். ரதம் போல குடைந்தது அல்ல இது. கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. 2004 சுனாமிக்குப் பிறகு 2005-ல் இதன் அருகே தோண்டியபோது இன்னொரு பழைய கோவிலின் அடித்தளமே வெளிவந்தது.

இருட்டியதும் கடற்கரையில் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, மாங்காய் பத்தை, வறுத்த மீன் என்று வாசனை ஆளை இழுக்கும். மீன் கடையில் மட்டும் கொஞ்சம் உஷார். தட்டில் அடுக்கியிருக்கும் மீனைக் காட்டி, எண்ணெயில் போடுவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிட வேண்டும். பொரித்த பிறகு பேரம் பேசினால் யார் கேட்பார்கள்? சட்டியில் எண்ணெய் கருத்துப் போயிருந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடலாம், கடைக்கா பஞ்சம்? வஞ்சிரம் கையைக் கடித்தால் நெத்திலி இருக்கவே இருக்கிறது.

கால் நனைப்பதோடு சரி, கடலில் குளிக்க மட்டும் இறங்காதீர்கள். பார்க்க சாதுவாகத் தெரியும் அலை, திரும்பும்போது ஆளை உள்ளே இழுத்துவிடும். நீச்சல் தெரிந்த வாலிபர்களே இங்கே பலியாகி இருக்கிறார்கள். மீனுக்காக உட்காரும் முன்பு, கேளம்பாக்கம் திரும்ப கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் நிலையத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.