கமரா பூட்டினால் கடமை முடிந்துவிடாது

சொறிக்கல்முனையிலும் சம்மாந்துறை, கல்முனைப் பக்கங்களிலும், பிள்ளைகள் கட்டாரிலும் லண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் தனியே வாழும் வீடுகள் பல. அவற்றுக்குக் கமராவும், சிம் போடும் கைக்கடிகாரமும், விழுந்தால் அறிவிக்கும் கருவியும் பார்சலில் வருகின்றன. குளியலறையில் வழுக்கி விழுந்து எழும்ப முடியாமல் கிடப்பவருக்குக் கையில் கட்டிய பொத்தான் உயிர் காக்கக்கூடும். ஆனால் அந்த அலாரம் எங்கே ஒலிக்கிறது என்று வாங்கும்போது எவரும் கேட்பதில்லை. அது தோஹாவில் வேலையில் நிற்கும் மகனின் போனில் ஒலிக்கிறது. அவர் அங்கிருந்து 1990ஐ அழுத்தினால் நமது சுவசெரிய அம்பியூலன்ஸ் கிடைக்காது. அந்த இலவச எண்ணை இலங்கைக்குள் இருப்பவர்தான் அழைக்க வேண்டும். ஆகவே கருவியில் பதியும் முதல் எண் பக்கத்து வீட்டாருடையதாக இருக்கட்டும். வீட்டுத் திறப்பு ஒன்றும் அவரிடம் இருக்கட்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை மறந்துவிட வேண்டாம். கரன்ட் போனால் ரௌட்டர் நிற்கும், வைபையை நம்பிய கருவியும் ஊமையாகும். சாதாரண பொத்தான் போன் ஒன்றைச் சார்ஜ் போட்டுக் கட்டிலருகே வையுங்கள்.

கரன்ட் போனால் ஊமையாகும் கருவியைவிட ஆபத்தானது, ஊசி குத்தாமலே சீனி பார்க்கும் என்று விற்கப்படும் கடிகாரம். அதன் அடியில் மின்னும் பச்சை ஒளி நாடித்துடிப்பைக் கணிக்க உதவும். இரத்தத்தில் உள்ள சீனியை அளக்காது. அப்படிப்பட்ட கடிகாரம் எதற்கும் தாம் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. அந்த இலக்கத்தை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவது உயிரோடு விளையாடுவது. திரும்பவும் சொல்கிறேன்: விரல் நுனியில் இரத்தம் எடுத்துப் பார்க்காமல் மருந்தை மாற்றாதீர்கள்.

சிம் போடும் கருவி என்றால், காசு கொடுக்கும் முன்பே IMEI என எழுதி, இடைவெளி விட்டு, பெட்டியிலுள்ள 15 இலக்க எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவாகாத கருவி என்றால் வாங்க வேண்டாம். பற்றுச்சீட்டு கேட்டால் தர வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. உத்தரவாதத்தை மீறினால் பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை இரண்டின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வழி கேட்க 1977ஐ அழையுங்கள். மூன்று மாதம் கடக்கவிடாதீர்கள். பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்டு அழுது பயனில்லை. 1909, 1977 ஆகிய இரண்டு எண்களையும் ஒவ்வொரு கடை வாசலிலும் தமிழில் ஒட்டவைக்க அதிகாரிகளுக்கு என்ன தடை என்று விளங்கவில்லை.

‘தூரத்தில் இருக்கிறோம், வேறு என்ன செய்வது?’ என்று பிள்ளைகள் கேட்பது நியாயமே. ஆனால் படுக்கையறைக் கமராவுக்குத் தாய் சம்மதித்தாரா என்றும் அவர்கள் கேட்க வேண்டும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் அந்தப் படத்தை அந்நியரும் பார்க்கலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல், அப்படி விடப்பட்ட கமராக்களைத்தான் உலகெங்கும் கைப்பற்றியது. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். கமரா பூட்டியதால் அந்தக் கடமை தீராது. தம்மைப் பராமரிக்க வழியற்ற பெற்றோர் அந்தச் சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். சொறிக்கல்முனையார் நாவிதன்வெளிப் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேட்கலாம். 60 வயது கடந்தவர் முதியோர் அடையாள அட்டைக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். கருவி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், இன்றைக்கே அலாரத்தை அழுத்தி, வாசலுக்கு ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள்.