பாக்ஸில் 6000... ஓடுவது 3600! உங்க ரேம் முழு ஸ்பீடில் ஓட என்ன செய்யணும்?

"அக்கா, ரெண்டர் பாதியில போயிட்டு இருக்கும்போதே சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகுது. ரெண்டு போட்டோ வேற பாதி சாம்பல் கலர்ல நிக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு ஆல்பம் கேட்குறாங்க..."

குமராட்சியில் இருந்து சித்தப்பா பையன் போன் பண்ணும்போது ராத்திரி பதினோரு மணி. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் அவனுக்குத் தொழில். வைகாசி முகூர்த்தம் உச்சத்துல இருந்த நேரம். "என்னடா புதுசா மாட்டின?"ன்னு கேட்டேன். "ரேம்தான்க்கா. 32 ஜிபியை 64 ஆக்கினேன்."

கதை இதுதான். முதல்ல 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு வெச்சிருந்தான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கிய டிடிஆர்5. பாக்ஸ்ல 6000-னு பெருசா போட்டிருந்துச்சு. அப்புறம் அதே மாடல்ல இன்னொரு பாக்ஸ் வாங்கி, நாலு ஸ்லாட்டையும் நிரப்பிட்டான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தா 3600-னு காட்டுது. கடுப்பாகி, யூடியூப் பார்த்து பயாஸ்ல எக்ஸ்போவை ஆன் பண்ணினான். 6000 வந்துடுச்சு. கூடவே இந்தப் பிரச்னையும் வந்துடுச்சு.

பாக்ஸ்ல இருக்கும் நம்பர் பொய்யான்னா, முழுப் பொய் இல்லை. ஜெடெக்னு ஒரு அமைப்பு ரேமுக்கான பொது விதிகளை வகுக்குது. எந்த கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் ரேம் முதல்ல அந்த விதிப்படி நிதானமான ஸ்பீடுலதான் எழுந்திருக்கும். நிறைய டிடிஆர்5-க்கு அது 4800, டிடிஆர்4-க்கு 2133 அல்லது 2400. பாக்ஸ்ல போட்டிருப்பது, கம்பெனி தன் லேப்ல கூடுதல் வோல்ட்டேஜ் கொடுத்து ஓட்டிப் பார்த்த ஸ்பீடு. அந்த செட்டிங்கை ஸ்டிக்லயே ஒரு குட்டி சிப்ல எழுதி வெச்சிருப்பாங்க. இன்டெல் 2007-ல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி, ஏ.எம்.டி 2022-ல் கொண்டுவந்த எக்ஸ்போ ரெண்டும் இதுதான். நாமதான் பயாஸுக்குள்ள போய் ஆன் பண்ணணும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டினா பயாஸ் திறக்கும்.

இது தெரியாம வருஷக்கணக்கா குறைஞ்ச ஸ்பீடுலயே ஓட்டுறவங்க ஏராளம். அமெரிக்காவுல இதுக்காக கோர்செயர் கம்பெனி மேல வழக்கே போட்டாங்க. "பாக்ஸ்ல போட்ட ஸ்பீடு, மாட்டினதும் வரலையே"ங்கிறதுதான் புகார். தப்பை ஒப்புக்காமலே 55 லட்சம் டாலருக்கு அந்தக் கம்பெனி சமரசம் பண்ணிக்கிச்சு. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிட்டுப் போறதால 2025 கடைசியில இருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கு. காசு கொடுத்த ஸ்பீடு வேணும்னு நினைக்கிறதுல தப்பே இல்லை.

தம்பி சறுக்கினது ஸ்டிக் எண்ணிக்கையில. ஏ.எம்.டி-யோட ரைசன் 7000 விவரப் பக்கத்தைப் பாருங்க. ரெண்டு ஸ்டிக்னா 5200, நாலு ஸ்டிக்னா 3600-னு அவங்களே போட்டிருக்காங்க. கல்யாண மைக் செட்ல ஒரே ஆம்ப்ளிஃபையருக்கு ரெண்டு ஸ்பீக்கருக்குப் பதிலா நாலு மாட்டினா திணறும் இல்லையா, கிட்டத்தட்ட அந்தக் கதை. 6000-ல விநாடிக்கு 600 கோடி தடவை டேட்டா கைமாறுது. ஒரே லைன்ல கூடுதல் ஸ்டிக் தொங்கினா சிக்னல் கலங்கும். ஒரே மாடலா இருந்தாலும், கம்பெனி அந்தந்த பாக்ஸ்ல இருக்கும் ஜோடியைத்தான் சேர்த்து டெஸ்ட் பண்ணியிருக்கும். நாலையும் சேர்த்து யாரும் டெஸ்ட் பண்ணலை. (64 ஜிபி வேணும்னா ஆரம்பத்துலயே 32 ஜிபி ஸ்டிக் ரெண்டு இருக்கும் ஒரே பாக்ஸா வாங்குறதுதான் புத்திசாலித்தனம். ரெண்டே ஸ்டிக்னா, நிறைய போர்டுகள்ல ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்.)

ரேம் தடுமாறினா ப்ளூ ஸ்க்ரீன் வரும்னுதான் நினைக்கிறோம். வந்தா நல்லது, உஷாராகிடலாம். சத்தமே இல்லாம ஒரு பிட் மாறுறதுதான் பயங்கரம். கேமரா கார்டுல இருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ற போட்டோ, ரேம் வழியாத்தான் போகுது. வழியில ஒரு 0, 1 ஆனா, கெட்டுப்போனதுதான் டிஸ்க்ல பதியும். அந்த சாம்பல் கலர் போட்டோ அப்படி வந்ததுதான். நல்லவேளை, கார்டை இன்னும் ஃபார்மட் பண்ணலை. முதல் வேலையா எக்ஸ்போவை ஆஃப் பண்ணச் சொல்லி, திரும்ப காப்பி எடுக்க வெச்சேன். ஆல்பம் தப்பிச்சுது.

வேலை முடிஞ்ச பிறகு மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவ்ல ஏத்தி, அதுல இருந்தே பூட் பண்ணி டெஸ்ட் ஓட்டினோம். இலவச வெர்ஷனே போதும், நாலு ரவுண்டு ஓடும். 64 ஜிபிக்கு பல மணி நேரம் ஆகும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், "ஒண்ணுதானே"ன்னு விடக்கூடாது. 6000-ல நாலு ஸ்டிக் போட்டு ஆரம்பிச்சதும் எரர் கொட்டுச்சு. 5200-க்கு இறக்கினோம். ராத்திரி முழுக்க பாஸ். "சூப்பர்க்கா"ன்னு குதிச்சான். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓட்டினா ஃபெயில்!

காரணம், அவன் ரூம். மாடியில ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஏ.சி. கிடையாது. கொள்ளிடக்கரை ஊர்னாலும் மே மாசத்துல அந்த ரூம் அடுப்புதான். ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்சாரக் குடம் மாதிரி. ஓட்டைக் குடம். காலியாகுறதுக்குள்ள திரும்பத் திரும்ப நிரப்பிட்டே இருக்கணும். சூடு ஏற ஏற ஓட்டை பெருசாகும். டிடிஆர்5-ல வோல்ட்டேஜை சீர் பண்ற சிப்பும் ஸ்டிக் மேலயே உட்கார்ந்திருக்கு, அதுவும் சூடாகும். நாலு ஸ்டிக்கும் நெருக்கி நின்னா நடுவுல காத்து போகாது. அதனால ராத்திரி பாஸானதோட நிறுத்தாதீங்க, உங்க வீட்டோட மோசமான மத்தியானத்துலயும் ஓட்டிப் பாருங்க.

ஃபெயிலானா பலர் முதல்ல கை வைக்கிறது வோல்ட்டேஜ்லதான். யூடியூப்ல யாரோ சொன்ன நம்பரை அப்படியே போடாதீங்க. 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில கருகின பிறகு, எஸ்.ஓ.சி வோல்ட்டேஜுக்கு 1.3-னு ஏ.எம்.டி உச்சவரம்பு வெச்சுது. அதுக்குப் பதிலா பயாஸை அப்டேட் பண்ணுங்க. புது வெர்ஷன்கள்ல மெமரி ஒத்துப்போறது நல்லாவே முன்னேறியிருக்கு. ஆனா அப்டேட் ஓடும்போது கரண்ட் போனா போர்டே படுத்துடலாம். யூ.பி.எஸ் இல்லாம தொடவே வேண்டாம்.

இன்னும் ரெண்டு பீதியைத் தவிர்க்கலாம். செட்டிங் மாத்தினதும் சில நிமிஷம் ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கும். ரேமை போர்டு பழக்கிக்குது, அவசரப்பட்டு ஸ்விட்சை அணைக்காதீங்க. சி.பி.யு-இசட் ஆப்ல 6000 ரேம் 3000-னு காட்டும். ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போறதால ரெண்டால பெருக்கிக்கணும்.

கடைசியா 4800-ல வந்து நின்னான். ராத்திரியும் பாஸ், மத்தியானமும் பாஸ். கேஸ் பக்கவாட்டுல ஒரு ஃபேன் சேர்த்திருக்கான். 6000-க்கும் இதுக்கும் எடிட்டிங்ல பெரிய வித்தியாசம் அவன் கண்ணுக்குத் தெரியலையாம்.

போன வாரம் மறுபடி போன். "மழை வந்து ரூம் ஜில்லுனு இருக்குக்கா, 5200 ட்ரை பண்ணட்டுமா?"

"கையில எத்தனை கல்யாணம் இருக்கு?"

"மூணு."

"அதை டெலிவரி பண்ணிட்டு பயாஸைத் தொடுடா."