புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

மேல்நாடுகளில் உலோகம் காட்டும் கருவியோடு வயல்வெளியில் அலைந்து பழங்காசு தேடுவோர் உண்டு. செய்யாற்றங்கரையில் உள்ள எங்கள் மாகறலில் கருவி எதற்கு? ஏர்முனையே போதும். என் பாட்டிக்கும் அப்படி ஒரு செப்புக்காசு கிடைத்தது. பூஜைச் செம்பைப் போலப் புளி போட்டுத் தேய்த்தார். காசு பளபளத்தது, எழுத்துத்தான் போய்விட்டது. இனி அது யார் காசு என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் பச்சை வெறும் அழுக்கன்று. செம்பு மண்ணின் ஈரத்தோடு சேர்ந்து நெடுங்காலத்தில் உண்டான படலம். உருவமும் எழுத்தும் பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கும். புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும்.

இராசராச சோழன் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவமும், மறுபக்கம் அமர்ந்த உருவமும், அருகில் நாகரி எழுத்தில் அரசன் பெயரும் இருக்கும். காளை தெரிந்தால் பல்லவர் காசென்று துள்ள வேண்டாம். நாயக்கர் காசிலும் காளை உண்டு.

காசை விளிம்பில் பிடியுங்கள். உலர்ந்த மண்ணை மெல்லிய தூரிகையால் தட்டி, காகித உறையிலிட்டு, கிடைத்த இடத்தை அதன்மேல் எழுதுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது செம்பைத் தின்னும் நோய். அக்காசைத் தனியே வையுங்கள்.

பிறகு தாசில்தாரிடம் தெரிவிக்க வேண்டும். மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு அறிவிக்கச் சொல்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயில் திருப்பணியில், கருவறைப் படிக்கட்டின் கீழ் அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தது. ஊரார் முதலில் தர மறுத்தனர்; பேச்சுவார்த்தைக்குப் பின் அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர்.