துணியை நடத்தும் கை

தையல் இயந்திரத்தில் ஊசிக்குக் கீழே, தகட்டின் பிளவுகள் வழியாக எட்டிப் பார்க்கும் இரும்புப் பற்கள் இருக்கின்றனவே, அவைதாம் ஒவ்வொரு தையலுக்கும் துணியை ஒரே அளவாக நகர்த்தி, தைப்பவருடைய கவனக்குறைவையும் கைநடுக்கத்தையும் மறைத்து, கோட்டை நேர்கோடாக்கித் தருகின்றன. அந்தப் பற்களை இறக்கிவிட்டோ, ஒரு சிறு தகட்டால் மூடிவிட்டோ, எத்திசையிலும் துணியைத் தன் கைகளாலேயே நடத்தி ஊசியால் சித்திரம் எழுதும் வேலையைத்தான் இன்று ‘ஃப்ரீ மோஷன் குவில்டிங்’ என்று வழங்குகிறார்கள். பினாங்கில் ஒரு மகளிர் தையல் குழுவுக்கு இதைக் கற்பிக்க முன்வருகிறவர், மேனாட்டுப் புதுமையொன்றைக் கப்பலிலிருந்து இறக்கிக் கொடுப்பதாக எண்ணிக்கொள்ளத் தேவையில்லை. இந்த வித்தையின் மூலாதாரமான கைப்பழக்கம், வேறொரு பெயரில், ஜார்ஜ் டவுன் வீடுகளில் பல தலைமுறைகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே பல நிறத் துண்டுகளை இணைத்த முகத்துணி, நடுவே மெல்லிய பஞ்சுப் படலம், அடியில் ஒரு முழுத்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல் வெறும் அலங்காரமன்று, அது இல்லாவிட்டால் சில சலவைகளுக்குள் பஞ்சு ஒரு மூலையில் திரண்டு கட்டியாகிவிடும். வங்காளத்துக் காந்தாவும், கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்களின் கவந்தியும், பழந்துணிகளை அடுக்கிக் கையூசியால் தைத்தவை. அமெரிக்காவிலும் கைத்தையலே உத்தமம், இயந்திரத் தையல் குறுக்குவழி என்ற அபிப்பிராயம் நெடுங்காலம் நிலவிற்று. 1989-ல் கென்டக்கி மாநிலத்துப் படூக்கா நகரில் அமெரிக்கக் குவில்ட் சங்கம் நடத்திய கண்காட்சியில், கேரல் பிரையர் ஃபாலர்ட் என்ற அம்மையார் சூரிய கிரகணத்தைப் பொருளாகக் கொண்டு இயந்திரத்தால் தைத்த குவில்ட் தலைசிறந்த பரிசைப் பெற்றபோது, சம்பிரதாயப் பற்றுடையோர் பலர் மனம் பொறாமல் வாதாடினார்கள்.

பினாங்கின் கெபாயாக்காரப் பெண்களுக்கு அந்த வாதம் விளங்கியே இராது. சீன வம்சத்தவராயிருந்தும் மலாய் மண்ணின் பாஷையையும் உடையையும் உணவையும் தமதாக்கிக்கொண்ட பாபா நியோன்யா சமூகத்தில், பெண்கள் அணியும் கெபாயா என்னும் மெல்லிய மேற்சட்டையின் ஓரங்களில் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த நூற்பின்னல், அதாவது லேஸ், வைத்துத் தைப்பது வழக்கமாயிருந்தது. பின்னர், சென்ற நூற்றாண்டின் இருபதுகளையும் முப்பதுகளையும் ஒட்டி, அந்த லேஸின் இடத்தை ‘சுலாம்’ என்னும் இயந்திரப் பூத்தையல் பிடித்துக்கொண்டது. அதற்குக் கருவி சாதாரணக் கால்மிதிச் சிங்கர் இயந்திரம்தான். ஐசக் சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851-ல். 1856 முதலே அந்நிறுவனம் தவணை முறையில் விற்கத் தொடங்கியதனால்தான், மொத்தமாகப் பணம் கொடுக்க இயலாத குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் அது புகுந்தது.

சுலாம் தைக்கும் முறையை ஊன்றிக் கவனித்தால், குவில்ட் ஆசிரியை சொல்லிக்கொடுக்கும் அத்தனையும் அதில் அடங்கியிருப்பது தெரியும். ‘வாயில்’ என்னும் மெல்லிய துணியில் பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் பீனிக்ஸ் பட்சியையும் வரைந்து, வட்டச் சட்டத்தில் முரசுத் தோல்போல் இழுத்துப் பூட்டி, ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கால் மிதிக்க மிதிக்கக் கைகள் சட்டத்தை இடமும் வலமுமாக அசைப்பார்கள். நேர்த்தையல் மட்டுமே தெரிந்த அந்த இயந்திரம், கையசைவின் லாகவத்தாலேயே இதழின் அகலம் முழுதும் நூலை நிரப்பும். பிறகு ஓரங்களைத் தைத்து உட்பகுதியை நுண்கத்தரியால் வெட்டியெடுத்தால் காற்றோடும் சாளரங்கள் உண்டாகும். இதற்குத் ‘தெபுக் லுபாங்’ என்று பெயர். இக்கலைக்குப் பினாங்கில் பெரும் பெயர் ஈட்டியவர் லிம் சுவீ கிம் அம்மையார். மலேசியப் பிரதமரின் துணைவியாராக விளங்கி 2005-ல் மறைந்த எண்டோன் மஹ்மூட் நியோன்யா கெபாயாவைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். 2024 டிசம்பரில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து அளித்த விண்ணப்பத்தின்பேரில் கெபாயா யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இந்தப் பெருமை உடையோடு நின்றுவிட்டு, அதைத் தைக்கும் கைப்பழக்கம் புதிய கைகளுக்குப் போகாமல் இருப்பது பெரிய நஷ்டமாகும் என்பதனாலேயே குவில்ட் வகுப்பைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன்.

இனி, வகுப்பு. பாதத்தைக் கழற்றினாலும், அல்லது அதனிடத்தில் சுருள்வில் பொருத்திய சிறு பாதத்தை மாட்டினாலும், அதன் நெம்புகோலைக் கீழே இறக்கியே தைக்கவேண்டும். அது மேலே இருக்கும்வரை மேல்நூலுக்கு இறுக்கம் கிடையாது, துணிக்கு அடியில் நூல் கூடு கட்டிவிடும். அடியிலிருந்து வரும் பாபின் நூலின் நுனியை முதல் குத்திலேயே மேலே இழுத்து, இரு நுனிகளையும் விரலால் பிடித்துக்கொண்டு, நான்கைந்து பொடித் தையல் போட்டுப் பூட்டிய பிறகே நகரவேண்டும். துணியின் மீது இரு கைகளையும் விரித்து வைத்தால், விரல்களுக்கு இடைப்பட்ட வெளியே வட்டச் சட்டமாகிவிடுகிறது. அந்த வெளிக்குள் மட்டும் தைத்து, ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, கைகளை இடம் மாற்றி, மீண்டும் தொடங்குவதே முறை. தையலின் நீளத்தை இப்போது எந்தப் பல்லும் நிர்ணயிப்பதில்லை. காலின் வேகமும் கையின் வேகமும் தம்முள் செய்துகொள்ளும் உடன்பாடே நிர்ணயிக்கிறது. கை முந்தினால் தையல் நீண்டு ஊசி வளையும், கால் முந்தினால் பொடித் தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து நூல் அறும். வளைவுகளில் பலருக்குக் கை தம்மையறியாமல் ஓடிவிடுவதனால், துணியைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கண்ணிமை மயிர்போல நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது ஆசிரியை நூல் இறுக்கத்தைத் திருகுவதைவிட, “அக்கா, கால் அப்படியே ஓடட்டும், கையை மட்டும் கொஞ்சம் நிதானமா விடுங்க,” என்று தோளருகே நின்று சொல்வதே மேலான உபாயம்.

நான் எல்லா உபதேசங்களிலும் முதன்மையாகக் கருதுவது வேறொன்று: துணியைத் தொடுமுன் தாளிலிருந்து பென்சிலை எடுக்காமல் வரையும் அப்பியாசம். இதில் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு பிறப்புரிமையே உண்டு. புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சிக்குக் கோலத்தை வாசலில் இட்டுப் பழகியவளுக்கு, நூலை அறுக்காமல் ஒரு பரப்பை நிரப்புவதெப்படி, மூலையில் அகப்பட்டுக்கொள்ளாமல் வெளியேறும் வழியை முன்கூட்டியே காண்பதெப்படி என்பன ஏற்கெனவே தெரிந்தவை. கோலத்தில் கை போகும், தரை நிற்கும்; இங்கே ஊசி ஓரிடத்தில் நிற்க, துணி போகவேண்டும். இந்த ஒரு தலைகீழ் மாற்றத்துக்குக் கை இசைய வேண்டும். அதற்குக் கண்ணை ஊசியின் மேல் வைக்காமல் கோடு அடுத்துச் சேரவேண்டிய இடத்தின் மேல் வைக்கப் பழகவேண்டும்.

பினாங்கின் ஈரக்காற்றையும் ஆசிரியை மறக்கலாகாது. ஊசிகள் சீக்கிரம் துருப்பிடிக்கும்; அடுக்குகளைப் பிணைக்கும் ஊக்குகளை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் துணியில் பழுப்புக் கறை படியும். கம்பளிக்காலமே இல்லாத தீவில் கனத்த போர்வையைத் தைக்கச் சொல்வதும் நியாயமன்று. பாத்திக் சாரோங்கின் மீந்த துண்டுகளும், லிட்டில் இந்தியாவின் தையற்கடைகளில் ரவிக்கை வெட்டியபின் மிஞ்சும் துணிகளும் கிடைக்கும் ஊரில், மெல்லிய பஞ்சு வைத்த தலையணை உறையோ, தொட்டில் விரிப்போ முதல் வேலையாக அமைவது பொருத்தம்.

குழுவினர் எல்லாரும் விலையுயர்ந்த மின் இயந்திரம் வாங்கிய பிறகே தொடங்குவதென்று தள்ளிப்போட வேண்டியதில்லை. பாட்டி வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் கால்மிதி இயந்திரம், அதன் கனத்த சக்கரத்தால், புதிய மாணவிக்குச் சீரான வேகத்தைத் தரும். எண்ணெயிட்டு, தோல் வாரை மாற்றி, அடியிலுள்ள திருகைத் தளர்த்தியோ தகடு வைத்தோ பற்களை ஒதுக்கினால் போதும். சுலாம் தைத்துப் பழகிய முதிய நியோன்யா அம்மையார் ஒருவர் ஊரில் அகப்பட்டால், அவரை விருந்தினராக ஒரு மூலையில் உட்காரவைத்துவிடாமல், முதல் இயந்திரத்தின் முன் ஆசிரியையாக அமர்த்தி, மற்றவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருடைய மணிக்கட்டைப் பார்க்கும்படி செய்யவேண்டும்.