சர்வதேசச் சட்டமும் மைசூர் மாணவரும்

மைசூரில் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களிலிருந்து சட்டக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுள் சிலர், முதற் பட்டப் படிப்பிலேயே சர்வதேசச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாகக் கொள்ள விழைகின்றனர். "ஹேக் நகரத்திலா இவனுக்கு உத்தியோகம் காத்திருக்கிறது? உள்ளூர்க் கோர்ட்டில் பிழைக்கும் வழியைப் பார்க்கட்டும்" என்று பெரியவர்கள் கவலைப்படுவதும் இயல்பே. அக்கவலையைத் தள்ளிவிட இயலாது. எனினும், அப்பாடம் எத்தகையது என்பதை அறிந்த பின்னர்த் தீர்மானிப்பது நலம்.

பெரியவர்களுக்கு ஆறுதலான செய்தியை முதலிற் கூறிவிடலாம். இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த விதிகளின்படி, சர்வதேசப் பொதுச் சட்டம் சட்ட மாணவர் யாவரும் கற்றே தீரவேண்டிய ஒரு தாள். அதற்கு மேலும் கற்க விரும்புவோர்க்குக் கடற்சட்டம், அகதிகள் சட்டம், மனித உரிமைகள் போன்றவை அடங்கிய தனித் தொகுதி ஒன்று உண்டு. ஆனால் எத்தொகுதியை நடத்துவது என்பது அந்தந்தக் கல்லூரியைப் பொறுத்தது. ஆகவே சேருமுன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். இத்தொகுதியை எடுத்துக்கொண்டாலும் குற்றவியல், ஒப்பந்தம், சொத்துரிமை முதலிய கட்டாயப் பாடங்களில் ஒன்றும் குறைவதில்லை. கறுப்பு அங்கி அணியும் வாசல் அடைபடுவதில்லை.

சர்வதேசச் சட்டம் என்றவுடன் கடல் கடந்த விவகாரமென்றே நாம் எண்ணுகிறோம். மைசூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் கண்ணம்பாடி அணை. அதன் வரலாற்றைச் சட்டக் கண்கொண்டு பார்த்தால் அவ்வெண்ணம் மாறும்.

காவிரியில் மைசூர் சம்ஸ்தானம் புதிய பாசன வேலைகளை எந்த அளவில் செய்யலாம் என்பது பற்றி, சென்னை மாகாணத்துக்கும் சம்ஸ்தானத்துக்கும் 1892-இல் ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. மைசூர் இந்த அணையைக் கட்ட முனைந்தபோது தகராறு எழுந்தது. கிரிஃபின் என்னும் நீதிபதி மத்தியஸ்தராக இருந்து 1914-இல் தீர்ப்பளித்தார். சென்னை அதை ஏற்கவில்லை. வழக்கு லண்டனிலிருந்த இந்தியா மந்திரி வரையில் சென்றது. முடிவில் 1924 பிப்ரவரி 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

இங்கே ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இந்த 'ஒப்பந்தம்' என்னும் சொல் என்றும் தொல்லைதான். வீடு கட்டும் மேஸ்திரியோடு செய்வதும் ஒப்பந்தம். இரு தேசங்கள் செய்வதும் ஒப்பந்தம். பின்னதை உடன்படிக்கை என்று பிரித்து வழங்கலாமே எனில், காவிரி ஆவணம் எவ்வகையைச் சேர்ந்தது? ஒரு தரப்பு பிரிட்டிஷ் மாகாணம். மறு தரப்பு மகாராஜா ஆண்ட சம்ஸ்தானம். சொல்லைத் தேடப் புகுந்தவன் வழக்கின் நடுவிலேயே வந்து நிற்கிறான்!

உண்மையில் வழக்கும் இதைப் பற்றியதே. ஆதிக்கம் செலுத்திய பிரிட்டிஷார் பலத்தால் சுமத்தப்பட்ட ஏற்பாடு இது. 1947-இல் அவ்வாதிக்கம் நீங்கியதும் இதுவும் நீங்கிற்று என்பது கர்நாடகத்தின் வாதம். அரசு மாறினாலும் கடப்பாடு மாறாது என்பது தமிழ்நாட்டின் நிலை. ஓர் அரசு மறைந்து மற்றொன்று தோன்றும்போது பழைய உடன்படிக்கைகள் என்னவாகும்? சர்வதேசச் சட்ட நூல்களில் இதற்கென்றே தனி அத்தியாயம் உண்டு. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் கூறிய முடிவு: ஒப்பந்தம் 1947-இல் மறையவில்லை, ஆனால் ஐம்பது ஆண்டுக் காலம் முடிந்து 1974-இல் காலாவதியாயிற்று. அப்படியாயின் பங்கீட்டுக்கு அளவுகோல் எது? பல தேசங்களின் வழியே ஓடும் நதிகளுக்காக 1966-இல் வகுக்கப்பட்ட ஹெல்சிங்கி விதிகளின் நியாயப் பங்கீட்டுக் கொள்கை இங்கே துணைக்கு வந்தது. நடுவர் மன்றம் 2007-இல் தமிழ்நாட்டுக்கு விடவேண்டுமென்ற 192 டி.எம்.சி., 177.25 ஆகக் குறைக்கப்பட்டது.

மைசூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இது வெறும் பாடமன்று. அவன் வீட்டில் கேட்கும் காவிரிக் கதை ஒன்று. வகுப்பில் கேட்பது வேறொன்று. 1991 டிசம்பரில் இவ்விவகாரத்தால் கர்நாடகத் தமிழர் பட்ட துன்பத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1960-இல் தொடங்கிய ஜெஸ்ஸப் மாதிரி வழக்குப் போட்டியில் ஒவ்வொரு மாணவர் குழுவும் வாதி, பிரதிவாதி ஆகிய இரு தரப்புக்கும் மனு எழுதி வாதாட வேண்டும். இந்நகரத்து மாணவனுக்கு இதைவிடத் தக்க பயிற்சி வேறு உண்டோ என்று நமக்குத் தோன்றவில்லை.

உத்தியோகம் பற்றியும் கூறவேண்டும். வெளிவிவகார அமைச்சகத்தில் சட்டம், உடன்படிக்கைகளுக்கென ஒரு பிரிவு உண்டு. இடங்கள் மிகச் சில. கப்பல், ஏற்றுமதி, அயல்நாட்டு மத்தியஸ்தம் ஆகிய துறைகளில் வாய்ப்பு சற்று அதிகம். எதற்கும் மேற்பட்டம் வேண்டியிருக்கும். முதற் பட்டத்தோடு எவரும் நிபுணராகிவிடுவதில்லை. ஹேக் சர்வதேசச் சட்டக் கழகம் 1923 முதல் கோடைக்கால வகுப்புகள் நடத்திவருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1951-இல் இத்துறையை ஏற்ற அலெக்ஸாண்ட்ரோவிச் என்னும் பேராசிரியர், கீழ்த்திசை அரசர்கள் ஐரோப்பியரோடு செய்த பழைய உடன்படிக்கைகளை ஆராய்ந்து 1967-இல் ஒரு நூல் வெளியிட்டார். நம் பக்கத்து மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

1892, 1924 ஆகிய ஆண்டுகளின் ஆவணங்கள் நீண்டவை அல்ல. 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு நீளமானதுதான். விருப்பப் பாடத்துக்குப் பெயர் கொடுக்குமுன் மாணவர் ஒரு விடுமுறையில் முதலிரண்டையும் வாசித்துப் பார்க்கட்டும். மூன்றாவதையும் தேடத் தோன்றினால் பெயரைக் கொடுத்துவிடலாம்.