இணைந்த கட்டைகளும் உராய்வு விசையும்

உயர்நிலை வகுப்புகளின் இயற்பியல் பாடத்தில் ஒரு கணக்குத் தவறாமல் இடம்பெறுகிறது. மேஜையின் மீது ஒரு மரக்கட்டை இருக்கிறது. அதில் கட்டிய நூல், மேஜையின் விளிம்பில் பொருத்திய கப்பியின் மேலாகச் சென்று, மறுமுனையில் ஓர் எடையைத் தாங்கி நிற்கிறது. கட்டைக்கும் மேஜைக்கும் இடையே எழும் உராய்வு விசை எவ்வளவு என்பது வினா. எளிதாகத் தோன்றும் இக்கணக்கில் மாணாக்கர் பலர் தவறிவிடுகின்றனர். சூத்திரம் தெரியாமை இதற்குக் காரணமன்று. அதை எப்போது பயன்படுத்துவது என்பதை அறியாமையே காரணமாகும்.

கட்டையின் நிறை 4 கிலோகிராம் எனவும், தொங்கும் நிறை 1 கிலோகிராம் எனவும் கொள்வோம். நிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. கணக்கு எளிதாகும் பொருட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்துக்கொண்டால், கட்டையின் எடை 40 நியூட்டன். தொங்கும் எடை 10 நியூட்டன். மாணாக்கர் உடனே 40-ஐ 0.3-ஆல் பெருக்கி, உராய்வு 12 நியூட்டன் என எழுதிவிடுகிறார். பிறகு 10-இலிருந்து 12-ஐக் கழித்து, மொத்த நிறையாகிய 5-ஆல் வகுக்கிறார். முடுக்கம் −0.4 என விடை வருகிறது.

இவ்விடையின் பொருள் யாது? நின்றிருந்த கட்டை தானாகவே பின்னோக்கி நகர்ந்து, தொங்கும் எடையை மேலே தூக்குகிறது என்பதே. அசையாத மேஜையின் உராய்வு, அதன் மேல் நின்றிருக்கும் கட்டையை ஒருபோதும் நகரச் செய்யாது. எனவே விடை தவறு என்பதைவிட, வினாவைத் தொடங்கிய முறையே தவறு எனலாம்.

நிலை உராய்வு குறிப்பிட்ட ஓர் அளவினையுடைய விசையன்று. இழுக்கும் விசை எவ்வளவோ, அவ்வளவே அதுவும் எதிர்த்து நிற்கும். 3 நியூட்டன் இழுத்தால் 3. 10 நியூட்டன் இழுத்தால் 10. ஆயினும் இதற்கோர் எல்லை உண்டு. நிலை உராய்வுக் குணகத்தைச் செங்குத்து எதிர்விசையால் பெருக்கினால் கிடைப்பது அந்த எல்லையே. மேற்கூறிய கணக்கில் எல்லை 16 நியூட்டன். இழுவையோ 10 நியூட்டன்தான். ஆகவே கட்டை நகராது; உராய்வு விசை 10 நியூட்டன். அது 12-உம் அன்று, 16-உம் அன்று.

தொங்கும் நிறையை 2 கிலோகிராமாக உயர்த்தினால் நிலைமை மாறுகிறது. இழுவை 20 நியூட்டன், எல்லையைக் கடந்துவிட்டது. கட்டை நகரத் தொடங்கியதும் இயக்க உராய்வாகிய 12 நியூட்டன் செயற்படுகிறது. எஞ்சிய 8 நியூட்டன் விசை 6 கிலோகிராம் நிறையை இழுப்பதால் முடுக்கம் விநாடிக்கு விநாடி 1.33 மீட்டர். நூலின் இழுவிசை 17.33 நியூட்டன். இது தொங்கும் எடையாகிய 20 நியூட்டனைவிடக் குறைவு என்பதை மாணாக்கருக்குச் சுட்டிக்காட்டுதல் நன்று.

இந்த அமைப்பு பாடநூலாசிரியர்களின் கற்பனையன்று. பிரெஞ்சுப் பொறியாளர் கூலும், ரோஷ்ஃபோர் துறைமுகத்தில் இவ்விதமே மேஜைமீது ஒரு சறுக்குப் பலகையை வைத்து, கப்பியின் வழியே எடைகளைத் தொங்கவிட்டு உராய்வை அளந்தார். அவ்வாராய்ச்சிக்கு 1781-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசு கிடைத்தது. உராய்வு பாரத்துக்கேற்ப அமைகிறது என்பதை 1699-இலேயே அமோன்தோன் அக்கழகத்தில் எடுத்துரைத்திருந்தார்.

கருவிகள் இல்லாத பள்ளியிலும் இச்சோதனையைச் செய்யலாம். தொங்கும் எடைக்குப் பதிலாக ஒரு தகரக் குவளையைக் கட்டி, அதில் சிறிது சிறிதாக மணலைப் பெய்க. கட்டை நகரும் தருணத்தில் குவளையையும் மணலையும் நிறுத்தால் நிலை உராய்வின் எல்லை தெரியும். பின்னர் மணலைக் குறைத்து, கட்டையை விரலால் மெல்லத் தட்டி, அது சீரான வேகத்தில் செல்லும் எடையைக் காண்க. அதுவே இயக்க உராய்வு.

முடுக்கத்தை அளந்தும் உராய்வைக் கண்டறியலாம். 2 கிலோகிராம் எடை ஓய்விலிருந்து 0.6 மீட்டர் இறங்க 1 விநாடி ஆயிற்று எனக் கொள்வோம். முடுக்கம் 1.2, இரு நிறைகளையும் முடுக்கத் தேவையான விசை 7.2 நியூட்டன், எனவே உராய்வு 12.8 நியூட்டன். முன்னர்க் கண்ட 12-க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டில் கப்பியின் உராய்வும் அடங்கியிருக்கக்கூடும். காலத்தைக் குறிப்பதில் விநாடியின் இருபதில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் இவ்வேறுபாடு தோன்றிவிடும். ஆதலால் சோதனையைப் பலமுறை செய்து சராசரி காண வேண்டும்.

இதே கணக்குப் பேருருவம் பெறும் இடம் இருப்புப்பாதை. மும்பை–புணே பாதையில், 1863-இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பகுதியில், 37 அடி தூரத்துக்கு 1 அடி ஏற்றம் உள்ளது. 120 டன் எஞ்சின் ஒன்று 1,000 டன் பெட்டிகளை அங்கே சீரான வேகத்தில் இழுப்பதாகக் கொண்டால், ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 30 டன் விசை தேவை. எஞ்சினை முன்னோக்கிச் செலுத்துவது சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள நிலை உராய்வு. உலர்ந்த பாதையில் குணகம் 0.3 எனில் எல்லை 36 டன், வண்டி ஏறும். மழையிலோ எண்ணெய்ப் பசையிலோ குணகம் 0.15 ஆகிவிட்டால் எல்லை 18 டன்தான். அப்போது எவ்வளவு ஆற்றல் கொடுத்தாலும் பயனில்லை. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். இதனாலேயே ஓட்டுநர் விசையைக் குறைத்துத் தண்டவாளத்தில் மணல் தூவுகிறார்.

பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளும் கணக்கில் வரும் நூலைப் போன்றவையே. ஒவ்வோர் இணைப்பும் தனக்குப் பின்னுள்ள பாரத்தை மட்டுமே இழுக்கிறது. ஆதலால் முதல் இணைப்பில் இழுவிசை மிகுதி. மேற்கூறிய வண்டியில் அது 27 டன். கர்ஜத்தில் பின்புறம் எஞ்சின்களைச் சேர்த்து வண்டியைத் தள்ளும் வழக்கத்தின் காரணம் இதனால் விளங்கும். பாரத்தில் பாதியைப் பின்னிருந்து தள்ளினால், முன் இணைப்பு தாங்க வேண்டியது 13.5 டன்தான், உராய்வால் பற்றி நிற்கும் சக்கரங்களும் மிகுதியாகின்றன. இணைப்பு அறுந்து பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடும் அபாயமும் குறைகிறது.

எனவே ஆசிரியர்கள் இக்கணக்கை நடத்துகையில் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுதல் நலம். முதலில், அமைப்பு முழுதும் அசையாமல் நிற்கிறது எனக் கொண்டு, அதற்குத் தேவையான உராய்வைக் காண்க. இரண்டாவதாக, அதனை நிலை உராய்வின் எல்லையோடு ஒப்பிடுக. எல்லைக்குட்பட்டதாயின் கண்ட அளவே விடை. எல்லையைக் கடந்தால் மட்டும் இயக்க உராய்வை எடுத்துக்கொண்டு முடுக்கத்தையும், பின்னர் நூலின் இழுவிசையையும் கணக்கிடுக. பெருக்கத் தொடங்குமுன் “இது நகருமா?” என்று கேட்கப் பழகிய மாணாக்கர், பிற்காலத்தில் பாரவண்டியைச் சரிவில் நிறுத்தும்போதும் அதே வினாவைக் கேட்பார்.