கன அடியும் லிட்டரும்: கம்பம் பள்ளத்தாக்கின் நீர்க்கணக்கு

வைகாசி மாதம் முதிர்ந்து, குமுளி மலையின்மேல் தென்மேற்குப் பருவ மேகங்கள் கவியத் தொடங்கும் நாட்களில், கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயி பத்திரிகையைக் கையில் எடுத்தவுடன் முதலில் தேடுவது அரசியல் செய்தியை அன்று. முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து எத்தனை கன அடி, தமிழகப் பகுதிக்குத் திறந்துவிடப்படுவது எத்தனை கன அடி என்ற மூன்று எண்களையே. ஜூன் முதல் தேதியை ஒட்டி முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது இப்பள்ளத்தாக்கின் நெடுநாளைய எதிர்பார்ப்பு. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் பெரும்பாலும் காணப்படுவது, பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி, ஆக 300 கன அடி என்னும் கணக்கு.

அதே ஆற்று நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பும் உள்ளாட்சி மன்றங்களோ, நாளொன்றுக்கு இத்தனை லட்சம் லிட்டர் என்று எழுதுகின்றன. சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ பன்னீர் திராட்சை வளர்ப்பவர் தம் ஆழ்குழாய்க் கிணற்றில் “ரெண்டு இஞ்சு தண்ணி” இருப்பதாகச் சொல்கிறார். அவருக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கும் வியாபாரி மணிக்கு 4 லிட்டர் என்கிறார். நால்வரும் பேசுவது ஒரே விஷயத்தை, அதாவது ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் ஓடிவரும் நீரின் கனபரிமாணத்தைத்தான். ஆயினும் ஒருவருடைய அளவையை மற்றவருடைய அளவைக்கு மாற்றிப் பார்க்கத் தெரியாத வரையில், நீரைப் பற்றி நிகழும் வாதங்களில் பாதி, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமலே நடந்து முடியும் என்பது என் எண்ணம்.

அடிக்கணக்கு இப்பள்ளத்தாக்கில் வேரூன்றிய வரலாறு எளியது. 1886ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாகி, பொறியாளர் பென்னிகுவிக் அவர்களின் பொறுப்பில் அணை கட்டப்பட்டு, 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியபோது, அணையின் உயரமும், சுரங்கத்தின் அகலமும், மதகின் திறப்பும், நிலத்தின் விஸ்தீரணமும் அடியிலும் ஏக்கரிலுமே எழுதப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் 1956இல் பாரத சர்க்கார் தசாம்ச (மெட்ரிக்) முறையைச் சட்டமாக்கியது. 1957இல் நயா பைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கிலோவும் லிட்டரும் கடைத்தெருவிலிருந்து சேரையும் படியையும் வெளியேற்றிவிட்டன. எனினும் அதே சமயத்தில், 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்த வைகை அணையின் முழு உயரத்தை நாம் இன்றும் 71 அடி என்றே சொல்கிறோம். 2014இல் உச்ச நீதிமன்றம் பெரியாறு அணையைப் பற்றித் தீர்ப்பளித்தபோதும் 142 அடி என்றே எழுதிற்று. ஒப்பந்தங்கள், மதகுகளின் அட்டவணைகள், நீர்மட்டம் காட்டும் அளவுகோல்கள் யாவும் அடியிலிருக்க, வயலும் ஏக்கரிலிருக்க, ஆற்றை மட்டும் மீட்டருக்கு மாற்றுவதில் ஒருவருக்கும் அவசரம் ஏற்படவில்லை.

இதிலே ஒரு விநோதம் உண்டு. வைகை அணை திறக்கப்பட்ட அதே 1959இல்தான், இங்கிலாந்தும் அமெரிக்காவும் வேறு நான்கு நாடுகளும் கூடி, ஓர் அடி என்பது 0.3048 மீட்டர் என்று நிலைநிறுத்தின. ஆகவே இன்றைய அடி தனக்கென ஒரு பிரமாணம் இல்லாதது. மீட்டரைக் கொண்டே அதற்கு இலக்கணம் சொல்லவேண்டியிருக்கிறது. மாற்றும் கணக்கில் ஐயத்துக்கு இடமில்லாமற் போனது இதனால்தான்.

நீளமும் அகலமும் உயரமும் ஒவ்வோர் அடியாக உள்ள ஒரு பெட்டியில் கொள்ளும் நீர் ஒரு கன அடி, அது 28.317 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர்க் குடத்தால் ஏறத்தாழ இரண்டு குடம். ஒவ்வொரு விநாடியும் அவ்வளவு நீர் ஓடினால் அது விநாடிக்கு ஒரு கன அடி, பொறியாளர் மொழியில் ஒரு கியூசெக். பெட்டியின் பக்கம் ஒரு மீட்டரானால், கொள்ளளவு ஒரு கன மீட்டர், ஆயிரம் லிட்டர். அந்த ஓட்டம் கியூமெக். ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பதை அறிந்த பலர், ஒரு கியூமெக்குக்கும் 3.28 கியூசெக்தான் என்று கணக்கிட்டுவிடுவார்கள். நீளத்தில் ஒருமுறை, அகலத்தில் ஒருமுறை, ஆழத்தில் ஒருமுறை என மும்முறை பெருக்கவேண்டும் என்பதால், உண்மையில் ஒரு கியூமெக் 35.3 கியூசெக்குக்குச் சமம். பத்தடி அகலமும் இரண்டடி ஆழமும் உள்ள வாய்க்காலில் தண்ணீர் விநாடிக்குச் சராசரி ஒன்றரை அடி நகர்ந்தால், மூன்றையும் பெருக்க 30 கன அடி வரும்; அதே வாய்க்காலை மீட்டரில் அளந்தால் விடை 0.85 கன மீட்டர்தான். (ஒரு துரும்பை மிதக்கவிட்டு வேகத்தைப் பார்ப்பவர்கள், மேற்பரப்பின் நீர் அடிநீரைவிட விரைந்தோடும் என்பதை நினைவிற்கொண்டு, கண்ட வேகத்தில் ஏறத்தாழ 85 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும்.)

விநாடியிலிருந்து நாளுக்குப் போவோம். நாளொன்றுக்கு 86,400 விநாடி. ஆகவே ஒரு கியூசெக் இடைவிடாது ஒரு நாள் ஓடினால் 24 லட்சத்து 47 ஆயிரம் லிட்டர் சேரும். குடிநீருக்கென்று விடப்படும் 100 கன அடி, நாளொன்றுக்கு 24 கோடியே 47 லட்சம் லிட்டர். நகர மக்களுக்குத் தலைக்கு 135 லிட்டர் என்று வகுக்கப்பட்டுள்ள அளவின்படி பார்த்தால், வழியில் ஒரு துளியும் வீணாகாத பட்சத்தில், அது 18 லட்சம் பேருக்குப் போதும். அத்தகைய பட்சம் எந்த ஆற்றிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

பாசனக் கணக்கிலோ பழைய அளவைகளுக்கு ஒரு சௌகரியம் தற்செயலாக வாய்த்திருக்கிறது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதன்மேல் ஓர் அங்குலம் நீர் நிறுத்த 3,630 கன அடி தேவை. ஒரு கியூசெக் ஒரு மணி நேரத்தில் தருவது 3,600 கன அடி. ஆகவே ஒரு கியூசெக் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நிற்கும் என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடலாம். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். அதற்கு 200 கன அடி என்றால் ஒரு கியூசெக்குக்கு 73 ஏக்கருக்குச் சற்றே மேல். நாளொன்றுக்கு வயலில் சேரும் நீர், வாய்க்காலில் வற்றுவதைக் கழிக்காமல், அங்குலத்தில் மூன்றிலொரு பங்கை எட்டாது. அதையே மில்லிமீட்டராக்கினால் 8.2. மழைமானி மில்லிமீட்டரில் பேசுவதால், 8 மில்லிமீட்டர் மழை பெய்த நாளில் அணை தரும் ஒரு நாள் தண்ணீரை வானமே தந்துவிட்டது என்று ஒப்பிட இந்த மாற்றம் உதவுகிறது. பெரியாற்று நீரால் இயங்கும் லோயர் கேம்ப் மின்நிலையத்தின் பொறியாளருக்கும் மெட்ரிக் முறையே வசதி: ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளதாகையால், 100 கன அடி என்பது விநாடிக்கு 2,832 கிலோ என்று அவர் உடனே அறிவார், அதை விழும் உயரத்தின் மீட்டராலும் 9.8ஆலும் பெருக்கினால், இயந்திரத்தில் இழப்பதைக் கழிப்பதற்கு முந்திய வாட் கணக்கு கிடைத்துவிடும்.

இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதைக் காட்ட அண்மைய விவகாரம் ஒன்று போதும். லோயர் கேம்பிலிருந்து குழாய் வழியே மதுரை மாநகருக்கு முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுசெல்லும் குடிநீர்த் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் அளவு 125 எம்.எல்.டி., அதாவது நாளொன்றுக்கு 125 மில்லியன் அல்லது 12½ கோடி லிட்டர். பள்ளத்தாக்கின் விவசாயிகள் அதை எதிர்த்தார்கள். மாநகராட்சி லிட்டரில் பேச, விவசாயி கன அடியில் யோசிக்க, 12½ கோடி என்ற எண் ஒரு சாராருக்குப் பெருவெள்ளமாகவும், 125 என்ற எண் இன்னொரு சாராருக்கு அற்பமாகவும் தோன்றியிருக்கக்கூடும். மாற்றிப் பார்த்தால் அது 51 கன அடி. குடிநீருக்கென்று விடப்படும் 100 கன அடிக்குள் அடங்குவதாகையால் மாநகராட்சியின் பக்கம் நியாயமில்லை என்று சொல்ல இயலாது; பாசனத்தின் 200 கன அடியோடு ஒப்பிட்டால் அதில் நாலில் ஒரு பங்கு, 3,700 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் தண்ணீர் என்பதால் விவசாயியின் அச்சத்தை அறியாமை என்று தள்ளவும் இயலாது. இதிலே இன்னொரு நுணுக்கமும் மறைந்திருக்கிறது. எம்.எல்.டி. என்பது நாள் முழுமைக்குமான தொகை. மோட்டார்கள் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை அது சொல்லாது. 24 மணி நேரமும் இறைத்தால் ஆற்றிலிருந்து எடுப்பது 51 கன அடி. பதினாறே மணி நேரத்தில் அதே நீரை எடுக்க நேர்ந்தால், அந்நேரத்தில் 77 கன அடி. ஆறு வற்றியிருக்கும் சித்திரையில் இவ்விரண்டும் ஒன்றல்ல.

திராட்சைத் தோட்டத்தின் இஞ்சுக் கணக்கு இதைக் காட்டிலும் ஏமாற்ற வல்லது. ஆழ்குழாய்க் கிணறு தோண்டி முடிந்ததும், வெளிவரும் நீரின் குறுக்கே ‘வி’ வடிவில் செங்கோணமாக வெட்டிய தகட்டை நிறுத்தி, அந்த வெட்டில் நீர் எத்தனை அங்குல உயரம் நின்று வழிகிறது என்று பார்ப்பது வழக்கம். ஓர் அங்குலம் என்றால் நிமிஷத்துக்கு 8½ லிட்டர். இரண்டு அங்குலம் என்றால் அதன் இருமடங்கான 17 லிட்டர் அல்ல, 48 லிட்டர். மூன்று அங்குலம் 130 லிட்டருக்கு மேல். உயரம் கூடக்கூட வெட்டின் அகலமும் நீரின் வேகமும் சேர்ந்தே கூடுவதால், இருமடங்கு உயரத்துக்கு ஐந்தரை மடங்குக்கும் அதிகமான நீர் வழிகிறது. ஆகவே இரண்டு அங்குலக் கிணறு, மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான்கள் எழுநூறுக்குத்தான் தாங்கும். மூன்று அங்குலம் கிட்டத்தட்ட ஈராயிரத்துக்குத் தாங்கும். இதை அறியாமல் குழாய் வாங்கிவிட்டு, வரிசையின் கடைசிக் கொடிக்குத் தண்ணீர் எட்டவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. ஐயமிருந்தால் இருநூறு லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கலாம்; நாலு நிமிஷத்துக்குச் சற்று மேலாகி நிரம்பினால் அதுவே இரண்டு அங்குலத் தண்ணீர்.

காலன் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை போதும். அயல்நாட்டு மோட்டாரின் தகட்டில் நிமிஷத்துக்கு இத்தனை காலன் என்றிருந்தால், அது ஆங்கிலக் காலனா, அமெரிக்கக் காலனா என்று கேட்டுக்கொள்வது அவசியம், முன்னது 4.546 லிட்டர், பின்னது 3.785 லிட்டர், வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு.

அடியை ஒழித்து மீட்டரைப் புகுத்தவேண்டும் என்று வற்புறுத்துவது என் நோக்கமன்று. ஏக்கரும் மதகும் அடியிலிருக்கும் வரை கன அடிக்கு இங்கே வேலை உண்டு. நீர்வளத் துறையும், குடிநீர் வடிகால் வாரியமும், மாநகராட்சியும் கேட்டுக்கொள்ளப்படுவது ஒன்றே: முல்லைப் பெரியாற்று நீரைப் பற்றி வெளியிடும் ஒவ்வோர் அறிவிப்பிலும் கன அடியையும் நாளொன்றுக்கான லிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, இறைப்பதானால் எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்து எழுதி, அதையே லோயர் கேம்பிலும் வைகை அணையிலும் பலகையில் வைக்கட்டும்.